எஞ்சிய மண்ணில் மலர்ந்த பூக்கள்

கைத்தொழிலில் வல்ல ஒருவர் பரமபதம் அடைந்தால், துக்கம் விசாரிக்க வருவோர் திண்ணையில் அமர்ந்து அவரைப் பற்றிச் சில வார்த்தை பேசுவது ஊர் வழக்கம். "அவர் இழைத்த கதவு இன்றும் சிக்காமல் திறக்கிறது" என்பார் ஒருவர். "மூன்று பெண்களையும் நல்ல இடத்தில் கொடுத்தார்" என்பார் மற்றொருவர். "வேலை இல்லாத நாளில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார், விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்" என்று மூன்றாமவர் சொல்ல, அழுதுகொண்டிருப்பவர்களும் சற்றே முறுவலிப்பர். அவ்வமயம் வேதாந்தம் சிறிது கேட்டவர் யாரேனும் அங்கிருந்தால், "இவையெல்லாம் லௌகிகந்தானே! ஆத்மாவுக்கென்று அவர் என்ன தேடிக்கொண்டார்?" என்று கேட்பதும் உண்டு. கேட்பவருக்கு அது வெறும் வினா. இழந்தவர்களுக்கோ நெஞ்சில் தைத்த முள். தம் தந்தையின் வாழ்நாள் வீணாயிற்றோ என்னும் ஐயம் பிரிவினும் கொடியது. ஆகவே இதனைப் பெரியோர் காட்டிய வழியில் ஆராய்வது, உற்சவத்திற்கு வந்து கூடியுள்ள அடியார்களுக்கு ஏற்றதேயாகும்.

இவ்வினாவுக்கு விடையாகவே வாழ்ந்து காட்டினார் ஒரு குயவர். திருவேங்கடமலையை அடுத்த சிற்றூரில் வாழ்ந்த அவரைக் குறும்பறுத்த நம்பி என்று வைணவப் பெரியோர் போற்றுவர். வேங்கடாசல மாஹாத்மியம் அவரைப் பீமன் என்றும், அவர் மனைவியைத் தமாலினி என்றும் கூறும். நாள் முழுவதும் சக்கரத்தின் முன் அமர்ந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். மலையேறிச் சென்று எம்பெருமானைச் சேவிக்க அவருக்குப் பொழுது இல்லை. ஆகவே மரத்தினால் பெருமாள் திருமேனி ஒன்றைச் செய்து, தாம் வேலை செய்யும் இடத்திலேயே எழுந்தருளப் பண்ணினார். பானை வனைந்து முடித்ததும் கையில் ஒட்டியிருக்கும் மண்ணை வழித்துச் சிறு சிறு பூக்களாகச் செய்து, அத்திருவடிகளில் ஸமர்ப்பித்து வந்தார்.

அக்காலத்தில் தொண்டைமான் சக்கரவர்த்தி திருமலையில் பொன்மலர்களால் எம்பெருமானை அர்ச்சித்து வந்தான். ஒருநாள் திருவடிகளில் பொன்மலர்களுக்கு மேலே மண்மலர்கள் கிடக்கக் கண்டு திடுக்கிட்டான். இவை எவருடையவை என்று அரசன் விண்ணப்பிக்க, குயவருடைய பக்தியைப் பெருமானே வெளியிட்டருளினான் என்பது வரலாறு. அரசன் அந்தக் குயவரின் குடிசையைத் தேடிச் சென்றான். அவன் கண்முன்னே குயவரும் அவர் மனைவியும் எம்பெருமான் திருவருளால் வைகுந்தம் சென்றனர். இன்றும் திருமலையில் பொற்கலங்கள் பல இருக்க, நாள்தோறும் புதிய மண்சட்டியில் தயிரன்னம் நிவேதனமாவதை இந்த அடியாரோடு சேர்த்துச் சொல்வர்.

இவ்வரலாற்றைக் கேட்போர் பெரும்பாலும் பொன்னையும் மண்ணையும் ஒப்பிட்டு, ஏழையின் அன்பே உயர்ந்தது என்று முடித்துவிடுவர். அது உண்மையே. ஆயினும் இதில் ஊன்றிக் காணத்தக்க மற்றொரு நுட்பம் உண்டு. குயவரின் தொழில் பானை செய்தல், பூச்செய்தல் அன்று. அந்தப் பூக்களைச் சந்தையில் வாங்குவார் இல்லை. அவற்றால் ஒரு படி அரிசியும் கிடைக்காது. மரத்தில் திருமேனி செய்ததும் அவருடைய குலத்தொழில் அன்று. பிழைப்புக்கான வேலை முடிந்தபின், எவரும் ஏவாமல், எவரும் கூலி தராமல், கைபோன போக்கில் மகிழ்ந்து செய்த செயல் அது. இக்காலத்தார் இதனைப் பொழுதுபோக்கு என்பர். எம்பெருமான் அந்தப் பொழுதுபோக்கைத்தான் பொன்மலருக்கு மேலே ஏற்றுக்கொண்டான்.

இதற்குக் காரணம் யாது? குயவரிடம் இருந்தவற்றில் எது அவருடையது என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும். மண் ஏரிக்கு உரியது. அதனை இரந்தே பெற்றார். பானை வாங்கினவருக்கு உரியது. அதற்கு ஈடாக வந்த தானியம் மனைவி மக்களுக்கு உரியது. பகற்பொழுதோ தொழிலுக்கு உரியது. இவ்வாறு பங்கிட்டுக்கொண்டே வந்தால், எவருக்கும் உரிமையில்லாமல் மிஞ்சி நிற்பது கையில் ஒட்டிய மண்ணும், அதனை வழிக்கும் அந்தச் சிறுபொழுதுமே. எஞ்சியது அற்பம் என்று உலகம் நினைக்கும். உண்மையில் அதுவொன்றே அவர் தம்முடையது என்று சொல்லிக் கொடுக்கக்கூடிய பொருள். ஒருவன் உழைக்கும் நேரத்தில் என்ன செய்கிறான் என்பதைப் பசி தீர்மானிக்கும். எஞ்சிய நேரத்தில் என்ன செய்கிறான் என்பதை அவன் உள்ளமே தீர்மானிக்கும். ஆகவே மறைந்தவருடைய ஓய்வு நேரத்தை நினைவுகூர்வது வீண்பேச்சு அன்று. அது அவருடைய உள்ளத்தை நினைவுகூர்வதாகும்.

இனி, குடும்பம் ஆத்ம லாபத்திற்குத் தடையோ எனில், அதற்கும் விடை உண்டு. மகாபாரதம் வனபர்வத்தில் கௌசிகன் என்னும் அந்தணன் தவவலிமையால் ஒரு கொக்கைப் பார்வையாலேயே வீழ்த்தினான். அந்தச் செருக்கோடு பிக்ஷைக்குச் சென்ற அவனை, கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஓர் இல்லத்தரசி காக்க வைத்தாள். அவன் வெகுண்டபோது, "தர்மத்தை அறிய வேண்டுமானால் மிதிலைக்குச் செல்க" என்று வழிகாட்டினாள். அங்கே அவன் கண்ட ஆசான் இறைச்சிக் கடையில் அமர்ந்து வாணிகம் செய்யும் தர்மவ்யாதர். அவர் கௌசிகனை வீட்டிற்கு அழைத்துச் சென்று, முதியோராகிய தம் பெற்றோரைக் காட்டி, இவர்களே தம் தெய்வம் என்றார். நேர்மையாக நடத்திய தொழிலும், பெற்றோருக்குச் செய்த பணிவிடையுமே அவருக்கு ஞானம் தந்தன. குறும்பறுத்த நம்பியும் மனைவியைத் துறந்து வீடு பெறவில்லை. மனைவியோடு சேர்ந்தே பெற்றார்.

வயலும் ஏரியும் ஆற்றங்கரையுமாகத் திரிந்த நேரமாவது வீணோ எனில், அதுவும் அன்று. குயவர் தொழிலை எண்ணுக. வண்டல் படிந்த ஏரியில்தான் அவர் மண் தேர்வார். எந்தக் கரையில் பசை மிகுதி, எங்கே மணல் கலப்பு என்பதை நடந்து நடந்துதான் அறிய வேண்டும். வனைந்ததை முதலில் நிழலில் உலர்த்தி, பின்பு வெயில் காட்டி, காற்றின் போக்கறிந்து சூளை மூட்ட வேண்டும். வானத்தையும் நிலத்தையும் அறியாதவர் குயவராக இயலாது. இவ்வாறு வெளியில் கழிந்த பொழுதும் அவர் கல்வியே.

அன்றியும், எம்பெருமானே கண்ணனாய்த் திருவவதாரம் செய்து, ஆயர் சிறுவரோடு கன்று மேய்த்து, யமுனைக் கரையில் வட்டமாய் அமர்ந்து கட்டுச்சோறு உண்டான் என்று ஸ்ரீமத் பாகவதம் கூறுகிறது. அதனைக் கண்ட பிரமனே, இவனோ பரம்பொருள் என்று மயங்கினான். வெளியில் கூடி உண்டு களிப்பதைத் தாழ்வாக எண்ணும் மயக்கம் நான்முகனுக்கே நேர்ந்தது என்றால், ஏனையோரைச் சொல்லுவானேன்! கோலியனூரைச் சுற்றியுள்ள மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. தை மாதம் 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் ஊர்தோறுமுள்ள தெய்வங்கள் தென்பெண்ணைக்கு எழுந்தருள, தச்சரும் கொல்லரும் கொத்தரும் குடும்பத்தோடு மணலில் அமர்ந்து உண்டு, பிள்ளைகளுக்குக் கரும்பும் கிழங்கும் வாங்கித் தந்து, மாலையில் திரும்புவர். அன்று எது வழிபாடு, எது களிப்பு என்று பிரித்துக் காட்டவல்லார் யார்?

"அப்படியானால் தொழிலே வழிபாடு என்று சொல்லிக்கொண்டு கோயிலை மறந்திருக்கலாமோ? ஓய்வெல்லாம் சீட்டாட்டத்தில் போக்கினாலும் அது கைங்கர்யமோ?" என்று கேட்பின், அன்று என்பதே விடை. நம்பி தம் தொழிலே வழிபாடு என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. மலைக்குப் போக இயலவில்லையே என்ற ஏக்கம் இருந்ததனால்தான் திருமேனியைத் தம் அருகில் வைத்துக்கொண்டார். மற்றும், பூச்செய்யும் ஆசையில் பானையைக் குறைபடச் செய்யவும் இல்லை. ஓட்டைப் பானை விற்றுப் பூச்சாத்தினால், அந்தப் பூ வாங்கினவனிடம் திருடிய மண்ணாகும். வீட்டாரை வாடவிட்டுப் போக்கும் ஓய்வும் அத்தகையதே. பிறருக்கு உரியதைக் குறைவறக் கொடுத்தபின் எஞ்சுவதே தூய்மை உடையது. அதனையும் ஒருவன் தனக்கென்றே வைத்துக்கொள்ளாமல், பிள்ளைக்கோ, அயலாருக்கோ, பகவானுக்கோ மகிழ்ந்து கொடுக்கும்போது அது மலராகிறது.

இந்த மண்ணின் கலை இன்றும் அருகிலேயே வாழ்கிறது. விழுப்புரத்திலிருந்து கோலியனூர் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அப்பகுதிச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. உலகம் சிலரை இவ்வாறு அறிந்து போற்றுவது நன்றே. ஆயினும் பெயர் வெளிப்படாமல் மறையும் கைவினைஞரே பலர். அவர் இழைத்த தேர்க்காலைத் தொட்டு வணங்குவோர் அவர் பெயரை அறியார். அவர் வனைந்த அகலில் விளக்கேற்றுவோர் அவர் முகத்தை அறியார். குறும்பறுத்த நம்பியையும் எம்பெருமான் வெளியிட்டருளியதனால் அன்றோ அரசனும் அறிந்தான்!

ஆதலால், தந்தையை இழந்து நிற்கும் மகனோ மகளோ, "அவர் வேலை செய்தார், எங்களை வளர்த்தார், மிஞ்சிய நேரத்தில் ஏரிக்கரையில் எங்களோடு மகிழ்ந்திருந்தார்; இவ்வளவுதான் அவர் வாழ்க்கை" என்று சொல்ல நாண வேண்டுவதில்லை. அந்தக் கதவு சிக்காமல் திறப்பது அவருடைய நேர்மை. பெண்கள் நல்ல இடத்தில் வாழ்வது அவருடைய உழைப்பு. பேரப்பிள்ளை இன்றும் ஏரியைக் கண்டால் தாத்தாவை நினைப்பது, கையில் எஞ்சிய மண்ணில் அவர் செய்த பூ. திதி நாளில் எள்ளும் நீரும் இறைக்கும்போது, அந்தப் பூக்களையும் ஒவ்வொன்றாக நினைந்து பெருமான் திருவடியில் சேர்ப்பது மக்களின் கடன். பொன்னுக்கு மேலே மண்ணை வைத்துக் காட்டிய பெருமான் அவற்றைத் தள்ளுவான் அல்லன்.

உற்சவம் சேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், தத்தம் கையில் இன்று எஞ்சியிருக்கும் மண் எவ்வளவு, அதில் என்ன பூச்செய்கிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக. உழைக்கும் கைகள் யாவும் நலம் பெறவும், மறைந்த பெரியோர் யாவரும் திருவடி நிழலில் இளைப்பாறவும் எம்பெருமான் திருவருள் பெருகுவதாக.

சுபம்.