உண்ட பின் சொல்லும் விலை

சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லில், உணவு விலைக்கும் ஜிஎஸ்டிக்கும் நடுவே ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகை ஏறியிருக்கிறது. பேசாமல் கொடுத்துவிட்டுப் போவதா, நின்று கேட்பதா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்கு விடை சொல்லிவிட்டன. சேவைக் கட்டணம் வாடிக்கையாளரின் விருப்பம். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. அந்த நெறிகள் செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. எதிர்த்து வழக்காடிய இரண்டு உணவகச் சங்கங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. அதன் பிறகும் தலைநகரின் ஐந்து உணவகங்கள் அந்தத் தொகையைத் திருப்பித் தரவில்லை என்று புகார்கள் வந்து, ஆணையம் தானே முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின.

மேல்முறையீடு எப்படி முடிந்தாலும் அறத்தின் பக்கம் ஐயமில்லை. விலையை முன்னால் சொல்லிப் பின்னால் கூட்டிக் கேட்பது தவறு. தொகை எவ்வளவு சிறிதானாலும் அதைக் கேள்வி கேட்பது வாங்குபவரின் கடமை.

விலை என்பது இருவர் ஒப்பிய சொல். தோசை 100 ரூபாய் என்று கடைக்காரர் சொல்ல, சரி என்று வாடிக்கையாளர் உட்காருகிறார். அங்கேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. உண்ட பிறகு புதிதாக ஒரு தொகையைச் சொன்னால், வேண்டாம் என்று எழுந்து போகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. உண்டதைத் திருப்பித் தர முடியாது. மறுக்க முடியாத நேரம் பார்த்துக் கேட்பதில்தான் இந்தத் தவற்றின் வேர் இருக்கிறது. துணிக்கடைகளும் பேரங்காடிகளும் கேரி பேக்குக்குக் காசு கேட்டபோது தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் கண்டித்ததும் இதையேதான்: பொருள்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, வரிசையில் நின்று, பணம் கட்டும் இடத்துக்கு வந்த பிறகு பைக்கு விலை சொல்வது முறையற்ற வணிகம்.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாதவர்கள், கொடுக்கும்போது குறைக்காதவர்கள். விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்றவர்கள். திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகரைத் தனியே நிறுத்தி, பிறர் பொருளையும் தம் பொருளைப் போலக் கருதுவதே நல்ல வாணிகம் என்கிறது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இன்னும் கறாரானது. உள்நாட்டுப் பொருளுக்கு 5 விழுக்காடு, வெளிநாட்டுப் பொருளுக்கு 10 விழுக்காடு என்று லாபத்துக்கே வரம்பு கட்டி, மீறியவருக்குத் தண்டமும் விதித்தது. மூன்றும் வேறு வேறு காலத்தவை, வேறு வேறு நோக்கில் எழுந்தவை. ஆனாலும் வாங்குபவரின் அறியாமையில் விற்பவர் ஆதாயம் தேடக் கூடாது என்பதில் மூன்றுக்கும் பேதமில்லை.

உணவக உரிமையாளருக்கும் வாடகை உண்டு, கூலி உண்டு, கரண்ட் பில் உண்டு. சேவைக் கட்டணம் பணியாளர்களுக்குத்தான் போகிறது, மெனு அட்டையிலும் அச்சிட்டிருக்கிறோம் என்று அவர்கள் சொல்வதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. ஆனால் பணியாளருக்குக் கூட்டிக் கொடுக்க விரும்பும் முதலாளி பண்டத்தின் விலையைக் கூட்டட்டும். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அதை ஏன் வைக்க வேண்டும்? அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் தண்ணீர் பாட்டிலை உணவகங்கள் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் அனுமதித்தது. அங்கே விற்பது வெறும் பாட்டில் இல்லை, இருக்கையும் பரிமாறுதலும் சேர்ந்தது என்பதே காரணம். அப்படியானால் பரிமாறுதலின் கூலி விலையிலேயே ஏறிவிட்டது. அதே கூலியை இன்னொரு முறை தனியே கேட்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? போதாக்குறைக்கு அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. 1,000 ரூபாய் உணவுக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்து, மொத்தத்தின்மேல் 5 விழுக்காடு வரி போட்டால் 1,155 ரூபாய். முறையாக வர வேண்டியது 1,050.

கேட்கும் விதத்திலும் அறம் உண்டு. பில்லைக் கொண்டுவந்து வைக்கும் தம்பி அந்தத் தொகையை விதித்தவர் இல்லை. அவரிடம் குரலை உயர்த்துவது எளியவரை அடிப்பது. கல்லாவில் இருப்பவரிடமோ மேலாளரிடமோ, இதை நீக்கித் தாருங்கள் என்று அமைதியாகச் சொன்னால் போதும். மறுத்தால் பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை; குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். அதை விட்டு, கடையைப் பற்றி இழிவாக எழுதிவிடுவேன் என்று மிரட்டி முழுச் சாப்பாட்டையும் இலவசமாக்கிக்கொள்பவரும் பிறர் பொருளைத்தான் கவர்கிறார். அப்படிக் கவர நினைப்பதே குற்றம் என்பது கள்ளாமை அதிகாரத்தின் கண்டிப்பு.

சொற்பக் காசுக்கு இத்தனை பாடா என்பவர்கள் மதுரா வழக்கறிஞரின் கதையை அறிய வேண்டும். 1999-இல் ரயில் டிக்கெட் கவுன்டரில் 20 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். நூறு தடவைக்கு மேல் வாய்தா. 2022 ஆகஸ்டில் அவர் பக்கம் தீர்ப்பானது. 20 ரூபாயை 12 விழுக்காடு வட்டியோடு தரவும், கூடவே 15,000 ரூபாய் தரவும் ரயில்வேக்கு உத்தரவாயிற்று. அவர் தன் கடமையைச் செய்தார். அரசு செய்ததா? பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத புகாரை 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நுகர்வோர் ஆணையங்களில் தலைவர்களும் உறுப்பினர்களும் இல்லாமல் இடங்கள் காலியாகக் கிடப்பதைப் பற்றி 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கு எடுக்க நேர்ந்தது. குடிமக்களை ‘விழித்தெழுங்கள்’ என்று விளம்பரத்தில் எழுப்புகிறவர்கள் முதலில் அந்த நாற்காலிகளை நிரப்பட்டும்.