பரிந்துரைக்குப் பதில் சொல்லும் கடமை

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டத்துக் குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. காய்ந்து நின்ற புல், மலைக்காற்று, ஓடி ஒதுங்க இடமில்லாத சரிவு. பிறகு மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. சேதி கேட்டதும் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். போர்வையையே டோலியாகக் கட்டி, தீப்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள்.

தமிழக அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக நியமித்தது. அவருடைய அறிக்கை முதல்வரிடம் சேர்ந்தது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 தடங்களுடன் அரசே ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறு தடமும் அதில் ஒன்று. மலைவாழ் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் செல்கிறார்கள். தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. இவை நல்ல காரியங்கள், தயங்காமல் பாராட்டலாம்.

ஆனால் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய், ‘விசாரணை என்ன சொன்னது? எதைச் செய்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன்?’ என்று கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி அமைந்த ஆணையம் என்றால், அறிக்கையை நடவடிக்கைக் குறிப்போடு 6 மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அதிகாரி ஒருவர் நடத்தும் நிர்வாக விசாரணைக்கு அந்த விதி கிடையாது. போலீஸ் நடத்தும் பிரேத விசாரணையோ, எப்படி இறந்தார் என்பதோடு நின்றுவிடுகிறது; அடுத்த சாவை எப்படித் தடுப்பது என்பது அதன் வேலையே இல்லை. இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரி எச்சரித்து எழுதினால், அரசுத் துறையானாலும் 56 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும்.

பரிந்துரைப்பவர் பட்ஜெட் போடுபவர் அல்லர், எல்லாவற்றையும் ஏற்க முடியாது என்று அரசு சொல்லலாம். நியாயம்தான். முடியாதென்றால் மறுக்கட்டும், காரணத்தைச் சொல்லி மறுக்கட்டும். மௌனத்துக்கு மட்டும் நியாயம் கிடையாது.

இந்த மௌனம் காட்டுத்தீயோடு நிற்பதில்லை. போடியிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள், போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஒரு ஜீப் கவிழ்ந்தால் சில நாள் சோதனை, அபராதம். பிறகு பழையபடி அதே நெரிசல். விபத்து கேரள எல்லையில், வீடு தேனி மாவட்டத்தில் என்றால் எந்த அரசைக் கேட்பது? 23 பேர் ஒரே தீயில் இறந்ததால் விதி பிறந்தது. ஒருவர் இருவராகச் சாகும் கூலிப் பெண்களுக்கு வழக்கு எண் மட்டுமே மிஞ்சுகிறது. சாவைத் தடுக்கும் கடமை இறந்தவர் எண்ணிக்கையைப் பார்த்து வரக்கூடாது.

சாவு குறித்த எந்த விசாரணையானாலும், ஒவ்வொரு பரிந்துரைக்கும் குறித்த நாளுக்குள் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும். அது, குரங்கணி அடங்கிய கொட்டகுடி போன்ற ஊராட்சிகளின் அலுவலகப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். இதற்கொரு சட்டத்தைத் தேனி மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டும். வாக்கு கேட்டு வரும்போது அவர்களிடம் இதை நாமும் கேட்போம்.