ஒரு கண் போதாதா?

மகள் பிறந்த 31ஆம் நாள், ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோ அது. வலது கண்ணின் நடுவே வழக்கமான சிவப்புப் புள்ளி. இடது கண்ணில் வெள்ளை. நான் போனைத்தான் சந்தேகப்பட்டேன். மனைவி மேலும் நான்கு படம் எடுத்தாள். நான்கிலும் வெள்ளை. "இது போன் பிரச்சினை இல்ல" என்றாள்.

மறுநாள் டாக்டர் இரண்டு சாத்தியங்களைச் சொன்னார். ஒன்று கண்புரை. இன்னொன்று விழித்திரையில் வரும் புற்றுநோய். முதலில் அது இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார். ஸ்கேன் முடிந்து, "கட்டி இல்ல, புரைதான்" என்று அவர் சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். ஒரு வாரத்துக்கு முன்னால் யாராவது வந்து உன் குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை என்று சொல்லியிருந்தால் உடைந்து போயிருப்போம். அன்றைக்கு அதையே நல்ல செய்தியாக வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம்.

கூட வந்திருந்த அம்மா, டாக்டரிடம் "என் கண்ண எடுத்து வச்சிருங்க சார்" என்று கேட்டிருந்தாள். தானம் கொடுத்தாலும் எடுத்துப் பொருத்த முடிவது கருவிழியை மட்டும்தான், குழந்தைக்குப் பிரச்சினை அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸில் என்று அவர் பொறுமையாக விளக்கினார். வழியெல்லாம் எனக்குக் கண்ணப்பர் ஞாபகம். சாமி கண்ணில் ரத்தம் வந்ததும் தன் கண்ணைத் தோண்டி அப்பிவிட்டு, அடுத்த கண்ணுக்கும் அம்பை எடுத்தவர். எவ்வளவு பெரிய முடிவு. ஆனால் அது அவருடைய கண். யாரிடமும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது இன்னொருத்தியின் கண்ணைப் பற்றி. அவளுக்கோ இன்னும் கழுத்து நிற்கவில்லை.

பெரியவர்களுக்குப் புரை வந்தால் ஆறு மாதம் தள்ளிப் போடலாம். எப்போது எடுத்தாலும் பார்வை பெரும்பாலும் திரும்பும். குழந்தைக்கு அப்படி இல்லை. 1960களில் டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி வைத்தார்கள். சில மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் பாதிப்பு வருவதில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பூனைக்குட்டிகளிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவை இழந்த பார்வையால்தான் எங்களுக்கு ஒரு கெடு தெரிந்தது: ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை என்றால், சுமார் ஆறு வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. ரொம்ப முன்னாலேயே எடுத்தால் பிற்பாடு கண்ணழுத்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. எங்களுக்கு மிச்சம் இருந்தது பத்து நாள்.

அந்தப் பத்து நாளில் அத்தையிடமிருந்து போன் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கண்தான்.

"ஏய்யா, ஒத்தக் கண்ணு போதும்யா. ஆறு வயசுல எனக்குக் கருவேல முள்ளு குத்துச்சு. கட வச்சேன், சீட்டுப் பிடிச்சேன், ரெண்டு பிள்ளையக் கட்டிக் குடுத்தேன். ஒருத்தன் சில்லறையில என்னைய ஏமாத்துனது கெடையாது. பச்சப் புள்ளைய எதுக்குய்யா கத்தி வைக்கிய?"

படிக்காதவள் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. டாக்டரிடமே கேட்டேன். அத்தை சொல்வதில் பெரும்பகுதி சரி என்றார். ஒரு கண்ணோடு படிக்கலாம், வேலைக்குப் போகலாம். தூரத்தை மூளை நிழல், அளவு, அசைவு இவற்றிலிருந்து கணித்துக்கொள்ளும். ஆபரேஷன் செய்தாலும் இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் பார்ப்பது அபூர்வம்தான். அப்புறம் வருடக்கணக்கில் நல்ல கண்ணை மூடிவைத்துப் பழக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கண் எவ்வளவு பார்க்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. "பின்ன எதுக்கு சார்?" என்றேன். "நல்ல கண்ணுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா" என்றார்.

ஆக, கேள்வி இதுதான்: என்றோ வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஒரு நாளுக்காக, இன்றைக்கு ஒரு குழந்தைக்கு வலி கொடுக்க எனக்கு என்ன உரிமை?

சம்மதம் இல்லாததுதான் உறுத்துகிறது என்று முதலில் நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து அவளுக்குக் காது குத்த நாள்கூடப் பார்த்திருந்தோம். அதற்கு நான் ஒரு ஆய்வுக் கட்டுரையும் படிக்கவில்லை. தடுப்பூசிக்கும் யாரும் அவளைக் கேட்கவில்லை. அங்கெல்லாம் பலன் நிச்சயம் என்பதால் சம்மதம் என்ற சொல்லே மனதில் எழவில்லை. இங்கே பலன் நிச்சயமில்லை. தோற்றால் வலி அவளுடையது. நம்பிக்கை மட்டும் எங்களுடையது. இந்தக் கணக்குதான் தூங்கவிடவில்லை.

எங்கள் வேலையில் சந்தேகம் வந்தால் ரிலீஸைத் தள்ளிப் போடுவோம். போட்ட பிறகு சொதப்பினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவோம். பதினோரு வருடப் பழக்கம். அதே பழக்கத்தில் "இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். மனைவி காலண்டரைக் காட்டினாள். "நீ யோசிச்சுட்டு இருக்கறதும் ஒரு முடிவுதான். அத மட்டும் ஏன் முடிவுன்னு சொல்ல மாட்டேங்கற?"

கடைசியில் எங்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது ஒரு சிறிய வேறுபாடு. இப்போது செய்தால் பிறகு நிறுத்திக்கொள்ளலாம். பத்து வயதில் அவளே "போதும்பா" என்று சொல்லலாம். இப்போது செய்யாமல் விட்டால், பத்து வயதில் அவள் வேண்டும் என்று கேட்டாலும் எங்களால் கொடுக்க முடியாது. அவள் தேர்வு செய்யும் வயது வரை அந்தத் தேர்வை உயிரோடு வைத்திருப்பது எங்கள் வேலை.

இந்தத் தர்க்கம் ஆபத்தானது என்பதும் தெரியும். குழந்தைக்கு வாய்ப்புகளைத் திறந்து வைக்கிறேன் என்று சொல்லித்தான் இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளையை ஐஐடி கோச்சிங்கில் தள்ளுகிறார்கள். எந்தக் கொடுமையையும் இந்தச் சொல்லால் நியாயப்படுத்தலாம். அதனால் ஒரு வேலி போட்டுக்கொண்டோம்: நாளைக்கு அவள் ஏன் என்று கேட்டால், எங்கள் ஆசையைக் கலக்காமல், அவளுக்குப் புரியும் காரணமாகச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத நாளில் நிறுத்திவிட வேண்டும்.

நாற்பத்தோராம் நாள் ஆபரேஷன். கையெழுத்துப் போட்ட தாளில் மயக்க மருந்தின் அபாயங்கள் வரிசையாக இருந்தன. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கவில்லை. இந்த வயதில் உள்ளே லென்ஸ் வைப்பதையும் வெளியே கான்டாக்ட் லென்ஸ் மாட்டுவதையும் அமெரிக்காவில் 114 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்வையில் பெரிய வித்தியாசமில்லை, உள்ளே வைத்தவர்களுக்கு மறு ஆபரேஷன்கள்தான் அதிகம். அதனால், அழும் குழந்தையின் இமையைப் பிரித்து லென்ஸ் மாட்ட நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் பிளாஸ்திரி. எட்டு மாதத்துக்கு மேல், விழித்திருக்கும் நேரத்தில் பாதி நேரம் நல்ல கண்ணை மூட வேண்டும். தெளிவாகத் தெரியும் உலகத்தைத் தினமும் காலையில் பிடுங்கி, மங்கலான ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அவள் அதைப் பிய்ப்பாள், தரையில் தலையை முட்டுவாள். பெரிய முடிவெடுத்த பெருமை எனக்கு இந்த இடத்தில் உதவவில்லை. மனைவி ஆபீஸ் போன நாட்களில் ஒன்றரை மணி நேரத்திலேயே கழற்றிவிட்டு, நோட்டில் நான்கு மணி நேரம் என்று எழுதினேன். பாசம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து மனைவி கண்டுபிடித்தாள். பிளாஸ்திரிப் பெட்டி தீரும் வேகத்தைப் பார்த்து இல்லை, குழந்தையின் முகத்தைப் பார்த்து. "கன்னத்துல தடமே இல்ல" என்றாள். அப்புறம், "அழுகை தாங்கலன்னா நேரா சொல்லு, நிறுத்திடலாம். ஆனா அவ பேர்ல பொய் எழுதாத."

அவள் சரியாகத்தான் பிடித்தாள். குழந்தைக்காக என்று நான் செய்த அந்த இரக்கத்தை எந்தக் காரணமாகவும் குழந்தையிடம் சொல்ல முடியாது. "நீ அழுதா எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதனால உன் கண்ண விட்டுட்டேன்" என்றா சொல்வேன்? நாங்கள் போட்ட வேலியை முதலில் தாண்டியது நான்தான்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. இடது கண்ணால் சார்ட்டின் மேல் வரிகள் மட்டும் தெரிகின்றன. புத்தக எழுத்து தெரியாது. போன லீவில் அத்தை கடையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தாள். அத்தை விளையாட்டாகத் தன் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலயே, அங்க என்னட்டி தொங்குது?" என்றாள். "மஞ்சளா இருக்கு. வாழப்பழம்" என்றாள் இவள். அத்தை கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

இதைச் சொல்லி நாங்கள் சரி, அத்தை தப்பு என்று நிறுவ வரவில்லை. விளைவு நல்லதாக அமைந்தால் முடிவும் நல்லதாகிவிடுமா என்று 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் விவாதித்ததை அறநெறி அதிர்ஷ்டம் என்பார்கள். அந்தக் கண் எதையுமே பார்க்காமல் போயிருந்தாலும் நாங்கள் எடுத்த முடிவு அதே முடிவுதான். நான் பொய் எழுதிய மூன்று வாரமும், பார்வை எவ்வளவு வந்தாலும், அதே மூன்று வாரம்தான்.

போன வாரம் அவள் கேட்டுவிட்டாள். "எதுக்குப்பா நல்ல கண்ண மூடுற?"

"இந்தக் கண்ணு பாக்கப் பழகணும்மா. அது தெறந்திருந்தா இது சும்மா இருந்துடும்."

"எவ்ளோ நாள்?"

"இன்னும் கொஞ்ச வருஷம். வளந்த பிறகு நீ வேண்டாம்னு சொன்னா நிறுத்திடலாம்."

"இப்ப சொன்னா?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் சிரமமாக இருந்தது. "இப்ப சொன்னா நிறுத்த மாட்டேன்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பிளாஸ்திரியின் பின்பக்கத் தாளைத் தானே உரித்து என்னிடம் கொடுத்தாள். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒட்டிவிட்டு, நோட்டில் மணியைக் குறித்தேன்.