சேற்றினுள் கிடந்த இரண்டு



ஹைதராபாத் நகரில் வாழும் நாம் உசேன் சாகர் ஏரிக்கரையைக் கடக்கும்போதெல்லாம், நீர் நடுவே நின்றருளும் புத்த பகவானின் திருவுருவைக் கண்டு கரம் குவிக்கின்றோம். கணபதி ஸ்தபதியாரின் தலைமையில் ஒரே கல்லில் வடிக்கப்பெற்ற 58 அடி உயரமுள்ள அத்திருவுருவம், 1990-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மிதவையில் கொண்டு செல்லப்படுகையில் ஏரியில் மூழ்கியது. உடன் சென்றோர் சிலர் உயிரிழந்தனர். இரண்டாண்டுக்கு மேல் சேற்றிலே கிடந்த அவ்வுருவம் சிதையாமல் மீட்கப்பெற்று, 1992 டிசம்பரில் பீடத்தின்மேல் நிறுத்தப்பெற்றது.

சேற்றிலிருந்து மீண்ட மற்றொரு பொருளையும் இன்று நினைவூட்ட விழைகின்றேன். அது போர்க்கருவியாகிய டாங்கி.

எஸ்தோனியா நாட்டின் குர்த்னா என்னும் பகுதியில் ஓர் ஏரி உண்டு. 1944-இல், இரண்டாம் உலகப்போரின்போது, ஒரு டாங்கி அதனுள் இறக்கப்பட்டது. கரையிலிருந்து நீருக்குள் சென்று மறைந்த சங்கிலித் தடத்தை ஒரு சிறுவன் கண்டிருந்தான். அந்தத் தடத்தின் நினைவைப் பற்றிக்கொண்டு பிற்காலத்தவர் ஏரியைத் துழாவினர். 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில், பெரிய மண்வாரி எந்திரம் கொண்டு பல மணி நேரம் இழுத்து அதனைக் கரையேற்றினர். அது ருஷியர் செய்த டி-34 வகை டாங்கி; ஆனால் அதன் உடலில் ஜெர்மானியரின் சிலுவைக்குறி இருந்தது. ருஷியரைக் காக்கப் பிறந்த கருவி, பிடிபட்டபின் ருஷியரையே சுட்டது! பகைக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் உண்டோ? எவன் கையில் சிக்கினும் அது அவனுக்கு ஊழியம் செய்யும்.

இதனினும் வியப்பானது ஒன்று. ஐம்பத்தாறு ஆண்டுகள் நீரடியில் கிடந்த அந்த இரும்பு பெரிதும் துருப்பிடிக்கவில்லை. உள்ளே குண்டுகளும் அப்படியே இருந்தன. யான் பஞ்சாலையில் உழைத்தவன்; இரும்பின் குணத்தை ஓரளவு அறிவேன். ஈரக்காற்றில் விட்ட கதிர் சில நாளில் சிவந்துவிடும். எண்ணெயில் ஆழ்த்திய கதிர் ஆண்டுக்கணக்கில் பளபளக்கும். துருவுக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அடர்ந்த சேறு காற்றைப் புகவிடாது. ஆகவே புதைந்த இரும்பு அழியாமல் காத்திருக்கும்.

சகோதரர்களே, நம் உள்ளத்திலும் இவ்வண்ணமே புதைந்து கிடப்பவை உண்டு. பாலி நூல்கள் அவற்றை அனுசயம் என்னும். அவற்றுள் ஒன்று வெறுப்பு. மேலே அலையின்றித் தெளிந்திருக்கும். அடியிலே குண்டுகளோடு கிடக்கும்.

என் குறையை மறைப்பதில் பயனில்லை. ஆலையில் இளைஞனாயிருந்த காலத்தில், என்னுடன் பணி செய்த ஒருவர் தண்ணீர்ப் பானையைத் தொட வேண்டாமென்று பலர் முன்னிலையில் கூறி, என் பிறப்பைச் சொல்லி இகழ்ந்தார். பின்னர் திரிசரணம் அடைந்தேன்; பஞ்சசீலம் ஏற்றேன்; மேடையேறி மைத்திரியைப் பற்றிப் பேசினேன். அந்த அவமானம் தொலைந்தது என்றே எண்ணினேன். சில ஆண்டுகளுக்கு முன் அவர் நோயுற்றுக் கிடப்பதாக ஒருவர் வந்து சொன்னார். என் உள்ளத்தில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி! போதகனென்று பெயர் பெற்ற நான் அன்றிரவு உறங்கவில்லை. முப்பதாண்டுகளாய் ஒரு குண்டும் துருப்பிடிக்காமல் என்னுள் கிடந்ததை அன்றுதான் கண்டேன்.

நம்மவர்க்கு இரு வகை அறிவுரை கூறுவார் உளர். “பழையதைக் கிளறாதீர், மறந்துவிடுங்கள்” என்பார் ஒரு சாரார். அவமதித்தவனுக்கு மறதி எளிது. அவமதிக்கப்பட்டவனுக்கு அது சேறு. மற்றொரு சாரார், “தோண்டியெடுத்து அவர்கள்மீதே செலுத்துவோம்” என்பார். குண்டோடு கூடிய டாங்கியை ஓட்டுபவன் முதலில் தன் வீட்டாரையே அஞ்சச் செய்வான். அவன் மனைவி மக்களைக் கேட்டுப் பாருங்கள்.

மீட்புப் பணி செய்வோர் இவ்விரண்டையும் செய்வதில்லை. முதலில் தடத்தைத் தேடுகின்றனர். பின்பு பொறுமையாக இழுக்கின்றனர். வெளிவந்ததும், வல்லுநரைக் கொண்டு குண்டுகளை அகற்றுகின்றனர். அதன்பின் சேற்றைக் கழுவி, பகுதி பகுதியாய்ப் பார்த்துச் செப்பனிட்டு, பலரும் காணும் இடத்தில் நிறுத்துகின்றனர். நம் நாட்டில் முன்னர் அகமதுநகர் எனப்பட்ட ஊரில் 1994 முதல் டாங்கிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. கோகிமாவில் 1944-ஆம் ஆண்டுப் போரில் மலைச்சரிவில் சறுக்கி நின்ற டாங்கி, இன்றும் அங்கேயே நினைவுச்சின்னமாய் நிற்கின்றது. அம்மலையில் ஆங்கிலேயரும் இந்தியரும் ஒருபுறமும், புத்தரை வணங்கும் நாட்டிலிருந்து வந்த ஜப்பானியர் மறுபுறமும் மடிந்தனர். பௌத்தர் என்னும் பெயர் மட்டும் எவரையும் பகையிலிருந்து காத்துவிடாது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். நற்கடைப்பிடி என்னும் விழிப்புநிலையே நம் உள்ளத்திற்குக் காற்று. புதைந்த அவமானத்தை அதன்முன் கொணருங்கள். “இது நிகழ்ந்தது, இது அநீதி” என்று அஞ்சாது கூறுங்கள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நம் கையில் உள்ளது. இன்று நிகழும் கொடுமைக்கு அதன் வழியே நீதி கேளுங்கள். சாட்சியை அழிக்க வேண்டா. பிறர் துன்பத்தை விரும்பும் விருப்பத்தை மட்டும் அகற்றுங்கள், அதுவே குண்டு. பகையை வளர்த்துப் பகையை ஒழிக்க இயலாது என்று பகவான் போதித்ததன் பொருள், அநீதியை மற என்பதன்று.

மறுநாள் யான் அந்த நோயாளியின் இல்லம் சென்றேன். அவர் என்னை அடையாளம் காணவில்லை. பழையதை நான் கூறவுமில்லை. பருக நீர் கேட்டார், அருகிருந்த செம்பை எடுத்துக் கொடுத்தேன், பருகினார். என்னுள் இருந்த குண்டுகள் அனைத்தும் அகன்றன என்று சொல்லத் துணியேன். ஒன்று அகன்றது.

சகோதரர்களே! வெறுப்பு மட்டுமா நம்முள் புதைந்துள்ளது? அதே சேற்றில்தான் கருணையும் சிதையாமல் கிடக்கின்றது. உசேன் சாகரின் கரையில் நிற்கும்போது அதனை நினையுங்கள். இன்றிரவு, விளக்கணைக்குமுன் கால் நாழிகை அமர்ந்து, உங்கள் தடத்தை நீங்களே தேடுங்கள்.

நமோ புத்தாய!