முன்கதை யாருக்கு?

"இவன் சின்ன வயசை நான் எதுக்குக்கா தேடி எடுத்துக் குடுக்கணும்?"

என் தங்கை இப்படிக் கேட்டுவிட்டு மவுஸை என் பக்கம் தள்ளினாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கணினித் திரையில் விளையாட்டு பாதியில் நின்றது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதே சரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த விளையாட்டு.

பொருள் தேடும் விளையாட்டுகள் என்று ஒரு வகை உண்டு. திரையில் சாமான்கள் குவிந்து கிடக்கும் ஓர் அறை வரும். கீழே ஒரு பட்டியல்: சாவி, கத்தரிக்கோல், இறகு, உடைந்த கடிகாரம். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் தொட வேண்டும். கிடைத்த பொருள்களில் ஒன்று அடுத்த கதவைத் திறக்கும். ஓட வேண்டாம், சுட வேண்டாம். வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, தனக்கென்று மிஞ்சும் ஒரு மணி நேரத்தில் பெண்கள் பெருமளவில் விரும்பி ஆடுவது இந்த வகையைத்தான். அதனாலேயே 'உண்மையான' விளையாட்டு ரசிகர்கள் இதை விளையாட்டாகவே மதிப்பதில்லை. இந்த அலட்சியம் புதிதல்ல. 1794இல் ஆன் ராட்கிளிஃப் 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' நாவலை எழுதிய காலத்திலும், பூட்டிய அறைகளும் இருண்ட மாளிகைகளும் நிறைந்த அத்தகைய கதைகளைப் படித்த பெண்களைப் பார்த்து உலகம் சிரித்தது. கணினியில் படங்களோடு கூடிய முதல் சாகச விளையாட்டான 'மிஸ்டரி ஹவுஸ்' 1980இல் வந்தது. அதை வடிவமைத்தவர் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண். அதுவும் ஒரு மாளிகை, ஒரு மர்மம்தான்.

சியாட்டிலைச் சேர்ந்த பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம் 2005இல் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. 2006இல் வந்த 'ரேவன்ஹர்ஸ்ட்' அந்தத் தொடருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. எம்மா ரேவன்ஹர்ஸ்ட் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வரும் ஓர் இளம்பெண். சார்லஸ் டாலிமார் என்பவன் அவளை மணக்கக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அதன்பின் அவள் நோயில் விழுகிறாள், அவனுடைய மாளிகையில் அடைபடுகிறாள், அங்கேயே இறக்கிறாள். இறந்த பிறகும் அவளுடைய ஆன்மா வெளியேற முடியாமல் அங்கேயே கிடக்கிறது. மாளிகைக்குச் சூட்டிய பெயரும் அவளுடையதே. துப்பறிபவராக நாம் அந்த வீட்டுக்குள் போகிறோம். பொருள்களைத் தேடத் தேட எம்மாவின் நாட்குறிப்பு பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. கடைசியில் அவளை விடுவிக்கிறோம். 2008இல் வந்த 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' அதே மாளிகையில் இன்னும் மூன்று பேர் சிறைப்பட்டிருப்பதைச் சொன்னது: ரோஸ் சாமர்செட் என்ற தாயும் அவளுடைய இரட்டைப் பெண் குழந்தைகளும். இந்தப் பெண்களின் உயிரை உறிஞ்சித்தான் சார்லஸ் சாவை வென்றிருந்தான்.

நானும் தங்கையும் இவை இரண்டையும் அம்மா வீட்டு முன்னறைக் கணினியில் சேர்ந்து ஆடியவர்கள். அவளுக்குக் கண் கூர்மை. நான் பட்டியலை வாசித்து முடிப்பதற்குள் பாதியை எடுத்துவிடுவாள். எம்மாவின் நாட்குறிப்பில் ஒரு பக்கம் கிடைத்தால் இருவரும் சத்தமாக வாசிப்போம். நடுவில் மின்சாரம் போய்விட்டால், கதை அடுத்து எப்படிப் போகும் என்று இருட்டில் பேசிக்கொண்டிருப்போம். பிறகு அவளுக்குக் கல்யாணமானது.

2011இல் 'எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹர்ஸ்ட்' வந்தது. தொடரின் ரசிகர்களை இரண்டாகப் பிளந்த விளையாட்டு இது. மனதைத் தொந்தரவு செய்யும் காட்சிகள் உண்டு, சிறுவர்களுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையோடு வந்தது. இந்த முறை நாம் தேடுவது எம்மாவை அல்ல, சார்லஸை. அவன் பிறந்தது, சிறுவனாக வளர்ந்தது, அவன் மனம் திரிந்தது என்று அவனுடைய வாழ்க்கையின் கட்டங்கள் ஒவ்வொன்றும் நம் முன்னால் காட்சியாக விரிகின்றன. அவற்றுக்குள் நுழைந்து, அவன் இப்படி ஆனது எதனால் என்பதை நாம் துண்டுதுண்டாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. பழைய பட்டியல் போய்விட்டது. அதற்குப் பதிலாக, காட்சியில் உள்ள சில பொருள்கள் மெல்ல உருமாறும், பிறகு பழைய உருவத்துக்கே திரும்பிவிடும். எது மாறுகிறது என்று நாம் அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரசிகர்களில் ஒரு சாரார் கோபப்பட்டார்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு இளைப்பாற வருகிற இடத்தில் இந்தக் கோரம் எதற்கு என்றார்கள். பட்டியலையும் பறித்துவிட்டீர்களே என்றார்கள். மறுசாரார் இதைத் தொடரின் உச்சம் என்றார்கள். கதை எப்போதுமே கொடுமையானதுதான், இப்போதுதான் அதை நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் பட்டது. என் தங்கையின் கேள்வியோ இரண்டிலும் அடங்கவில்லை.

அவள் புகுந்த வீட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்த ஆண்டு அது. பேச்சு குறைந்திருந்தது. பழையபடி சேர்ந்து ஆடினால் மனம் லேசாகும் என்று நினைத்து இந்த விளையாட்டை வாங்கி வைத்திருந்தேன். தொடங்கியதும் அவளுடைய வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். உருமாறும் பொருள்களில் எனக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அவள் கண் இமைக்காமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"எப்படிடி?" என்று கேட்டேன்.

"பழக்கம்தான்" என்றாள். "அவர் வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிரும்க்கா, இன்னிக்கு எப்படின்னு."

அதற்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் ஆடியிருப்பாள். சிறுவன் சார்லஸின் துயரம் ஒன்று திரையில் வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

எனக்கு ஏன் தகுதியில்லை என்று இப்போது சொல்கிறேன். கல்யாணமான இரண்டாம் ஆண்டில் அவள் முதல்முறையாக அம்மா வீட்டுக்கு வந்தபோது அவள் கையில் காயம் இருந்தது. அன்று அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்களில் நானும் ஒருத்தி. "அவர் அப்பா இல்லாம வளந்தவரு. சின்ன வயசுல ரொம்ப அடிபட்டவரு. நீதான் புரிஞ்சுக்கணும்" என்று சொன்னவர் அம்மா இல்லை, அத்தை இல்லை. படித்தவள், வேலைக்குப் போகிறவள், புத்தகம் வாசிக்கிறவள் என்று பெயரெடுத்த நான்தான். அவள் புரிந்துகொள்ளப் போனாள். மேலும் ஓர் ஆண்டு புரிந்துகொண்டாள்.

அமெரிக்காவில் கற்பிக்கும் ஆஸ்திரேலியத் தத்துவவாதி கேட் மேன் 2017இல் வெளியான 'டவுன் கேர்ள்' என்ற நூலில் இதற்கு 'ஹிம்பதி' என்று பெயர் வைத்தார். பெண்ணுக்குக் கொடுமை செய்த ஆணிடமே ஊரின் பரிவெல்லாம் போய்ச் சேர்வதைக் குறிக்கும் சொல் அது. அவனுடைய எதிர்காலம், அவனுடைய கடந்தகாலம், அவனுடைய நல்ல பெயர் எல்லாம் பேசப்படும். அவள் சம்பவத்தில் ஒரு சாட்சியாகச் சுருங்கிப்போவாள். நம் வீடுகளில் இதற்குத் தனிச்சொல் தேவைப்பட்டதில்லை. "பாவம், அவனும் என்ன பண்ணுவான்" என்ற வாக்கியமே போதுமானதாக இருந்தது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வது எளிது. கொடுமைக்காரனைப் புரிந்துகொள்ள முயல்வதே தவறு என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. அடிபட்டு வளர்ந்த பையன் அடிக்கிற கணவனாவது நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அடுத்த பையனை எப்படித் தடுப்பது? காரணத்தை அறிவதும் குற்றத்தை மன்னிப்பதும் ஒன்றல்ல. இதைப் பெண்ணியம் மறந்தால் நமக்குத்தான் நட்டம்.

இங்கே எனக்கு ஒரு நாவல் உதவியது. சார்லட் பிரான்டேயின் 'ஜேன் அயர்' 1847இல் வந்தது. அதில் ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா, பைத்தியம் என்று வீட்டின் மேல்மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருப்பாள். அவளுக்கென்று ஒரு சொல்கூடக் கதையில் கிடையாது. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்ற நாவலில் அவளுக்கு முன்கதை எழுதினார். அதில் கணவனுக்கும் பேச இடம் கொடுத்தார். நாவலின் இரண்டாம் பகுதியில் பெரும்பங்கு அவன் குரல்தான். தந்தையின் விருப்பத்துக்காகவும் பணத்துக்காகவும் முன்பின் தெரியாத ஊருக்கு வந்து மணந்துகொண்ட அவனுடைய மிரட்சி நமக்குப் புரிகிறது. அதே பகுதியில்தான் அவன் அந்துவனெத் என்ற அவளுடைய பெயரைப் பறித்துப் பெர்த்தா என்று கூப்பிடத் தொடங்குவதையும் பார்க்கிறோம். அவனைப் புரிந்துகொள்கிறோம், ஆனால் அந்தப் புரிதலின் செலவு அவள் கணக்கில் எழுதப்படவில்லை. அவளை நோக்கி, நீ அவனைப் புரிந்துகொண்டாயா என்று ரீஸ் கேட்கவில்லை.

வேறுபாடு இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கவனம் என்பது வெறும் பார்வை இல்லை, அது ஓர் அறச்செயல் என்று சிமோன் வெய்ல் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்து ஐரிஸ் மர்டாக் சிந்தித்தார். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: கவனம் உழைப்பும்கூட. அதற்கு அளவு உண்டு. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்கு இல்லாமல் போகும். வீட்டில் தொலைந்த பொருளையெல்லாம் தேடிக் கொடுப்பவள் யார்? கணவனின் மூக்குக் கண்ணாடி, பிள்ளையின் அழிப்பான், மாமனாரின் மாத்திரை அட்டை. அந்தத் தேடலையே விளையாட்டாக்கி, இந்த முறை தேடு, ஒரு பெண்ணுக்குக் கதவு திறக்கும் என்று சொன்னதால்தான் 'ரேவன்ஹர்ஸ்ட்' எங்களுக்கு அவ்வளவு இனித்தது. 2011இல் அதே தேடலை வாங்கிச் சார்லஸின் கணக்கில் வரவு வைத்தார்கள். ஒரு மருத்துவரோ நீதிபதியோ ஆய்வாளரோ அவனைப் புரிந்துகொள்ளட்டும். அது அவர்கள் வேலை. அவன் பூட்டிய அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவளிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. அவளாக விரும்பி எடுத்துக்கொண்டால் அது வேறு. அவள் வெளியே போவதற்கு அதுதான் சாவி என்று யாரும் சொல்லக் கூடாது. நான் சொன்னேன்.

அப்படியானால் முதல் விளையாட்டு நல்லது, இது கெட்டது என்று முடித்துவிடலாமா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. இதற்கு எச்சரிக்கை போட்டார்கள். திருமணத்துக்கு மறுத்த பெண்ணை அடைத்துவைத்துச் சாகவிட்ட கதைக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அது மாலைநேரப் பொழுதுபோக்காகவே எங்கள் வீட்டுக்குள் வந்தது. தேநீரை உறிஞ்சிக்கொண்டு எம்மாவின் சிறைக்குள் நாங்கள் இளைப்பாறினோம். அவளுடைய அறையின் திரைச்சீலை எவ்வளவு அழகு என்று பேசிக்கொண்டோம். ஒரு பெண் சாவது நமக்குப் பழகிய காட்சி, அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. பழகாத காட்சி வந்தபோதுதான் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். 'எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹர்ஸ்ட்' என்னைத் தொந்தரவு செய்தது. அதற்காக அதற்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தொந்தரவு இல்லாவிட்டால் பழைய சுகத்தை நான் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்கத் தெரியவில்லை. அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். எது என்று அவள் கேட்கவில்லை. "விடுக்கா" என்றாள். விட்டதாக அவள் முகத்தில் தெரியவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

அன்றிரவு அவளே கணினியைத் திறந்து பழைய 'ரேவன்ஹர்ஸ்ட்'டைப் போட்டாள். நான் பட்டியலை வாசித்தேன், அவள் எடுத்தாள். நாட்குறிப்பின் ஒரு பக்கம் கிடைத்தது. இந்த முறை இருவரும் சத்தமாக வாசிக்கவில்லை. அவள் மனதுக்குள் வாசித்து முடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இவ உயிரோட இருந்தப்போ யாருமே தேடி வரலையாக்கா?"