ரைட் ஆஃப்!

'ரைட்' என்றால் எழுது. எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். அதன் வாலில் ஒரு 'ஆஃப்' ஒட்டிப் பாருங்கள். எழுதுவது போய், கணக்கை முடிப்பதாகிவிடும். இங்கிலீஷில் இப்படி வால் மாறினால் மாடே மாறிவிடுகிற வினைச்சொற்கள் ஏராளம்.

பி.காம். படித்தவர்களுக்கு 'ரைட் ஆஃப்' பழைய சிநேகிதன். கடன் வாங்கிய ஆள் திருப்பித் தரப்போவதில்லை என்று தெரிந்ததும், அந்தத் தொகையை நஷ்டத்தில் எழுதிவிடுவது. பாடப்புத்தகத் தமிழில் போக்கெழுதுதல். கடைத்தெருத் தமிழில் காந்தி கணக்கு.

பத்திரிகைத் தமிழில் மட்டும் இது 'தள்ளுபடி'. வம்பே அங்கேதான். ஆடி மாசம் துணிக்கடையில் தள்ளுபடி, கோர்ட்டில் மனு தள்ளுபடி, விவசாயக் கடனும் தள்ளுபடி. 2008-ல் மத்திய அரசு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தபோது, அதில் வந்த சிறு, குறு விவசாயிகள் நிஜமாகவே கடனிலிருந்து விடுபட்டார்கள். வங்கிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அதற்கு இங்கிலீஷில் 'வெய்வர்' என்று வேறு சொல். 2022 டிசம்பரில், ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 10 லட்சம் கோடி ரூபாயை 'ரைட் ஆஃப்' செய்ததாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். 'பணக்காரனுக்கு மட்டும் தள்ளுபடியா?' என்று கோபம் வரும். வரட்டும், அவ்வளவு கடனை யார் கொடுக்கச் சொன்னது? ஆனால் வாங்கியவன் இன்னமும் கடன்காரன்தான். வங்கி கேஸ் போடலாம், அடமானச் சொத்தை ஏலம் விடலாம். வங்கி தன் புத்தகத்தில் தன் எதிர்பார்ப்பை முடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இதையே மனுஷனுக்குச் செய்கிறோமே, அங்கே என்ன நடக்கிறது?

'அவனை ரைட் ஆஃப் பண்ணியாச்சு சார்!' கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலான ஒன்பதாம் வகுப்புப் பையனை, குடிக்கிற தம்பியை, ஓடிப்போய் கல்யாணம் செய்த பெண்ணை. இதற்கு நம்மிடம் சொந்தச் சரக்கே இருக்கிறது. 'தண்ணி தெளிச்சு விட்டாச்சு', 'தலைமுழுகியாச்சு'. இழவு வீட்டுக்குப் போய்வந்தால் செய்கிற காரியத்தை, உயிரோடு இருப்பவனுக்குச் செய்கிறோம். அதுவும் நம் புத்தகத்தில் எழுதுவதில்லை. அவன் நெற்றியில் எழுதி, பக்கத்து வீட்டுக்கும் அடுத்த வருஷ டீச்சருக்கும் நகல் வேறு அனுப்புகிறோம். அந்தப் பையனும் ஒருநாள் அதைப் படித்துவிடுகிறான்.

கணக்குப்பிள்ளை இவ்வளவு மோசமில்லை. அவர் எடுத்தவுடனே போக்கெழுத மாட்டார். முதலில் 'வாரா ஐயக்கடன்' என்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக் காத்திருப்பார். போக்கெழுதிய பிறகும் அந்த ஆள் பணத்தோடு வந்து நின்றால், 'வசூலான வாராக்கடன்' என்று அதற்கும் ஒரு தலைப்பு வைத்திருக்கிறார். லாபத்தில் சேர்த்துவிடுவார். நாம்? 'இந்தக் காசு இவனுக்கு ஏது?' என்போம்.

உடனே எல்லோரும் 2001 கொல்கத்தா டெஸ்டைச் சொல்வார்கள். 274 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன் ஆன இந்தியா, லக்ஷ்மணின் 281 ரன்னால் மீண்டு, ஆஸ்திரேலியாவை ஜெயித்த கதை. எனக்கு அந்த உதாரணத்தில் முழுத் திருப்தி இல்லை. ஜெயித்துக் காட்டினால்தான் நம் புத்தகத்தைத் திருத்துவோம் என்றால், கடைசிவரை ஜெயிக்காதவன் என்ன ஆவது?

'அதுக்காக, நகையை வித்துக் குடிக்கிறவன்கிட்ட பீரோ சாவியைக் கொடுக்கணுமா?' என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். போக்கெழுதிய ஆசாமிக்கு எந்த வங்கி புதுக் கடன் கொடுக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு அம்மா சாவியை இடுப்பில்தான் செருகியிருக்கிறார். மகனை நம்பிப் பத்து ரூபாய் கொடுப்பதில்லை. ஆனால், ராத்திரி ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறார். 'இன்னுமா அவனுக்கு?' என்று சொந்தக்காரர்கள் கேட்டால், குழம்பைச் சூடு பண்ண எழுந்து போய்விடுகிறார்.