அளவு யாருக்கு உரியது?

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் படிந்த இடத்தில் கெய்கர் கருவியைப் பிடித்தால், அது விட்டுவிட்டு ஒலிக்காமல் படபடவென ஒலிக்கும். வாயு அடைத்த குழாய்க்குள் புகும் கதிர் அவ்வாயுவை அயனியாக்க, அதனால் எழும் மின்துடிப்பே அவ்வொலி. கெய்கரும் முல்லரும் இக்குழாயை உருவாக்கியது 1928-இல். நம் மணலின் கதையோ அதற்கும் முந்தியது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஜெர்மானியரான சோம்பர்க் கண்டார். அதிலுள்ள தோரியம் அந்நாளில் காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. நம் திருவிழாப் பவனிகளுக்கு ஒளி தந்த பெட்ரோமாக்ஸும் அவ்வினத்ததே.

"இதனால் ஆபத்து உண்டா?" என்று கரையோரத்துத் தாய் கேட்கிறாள். கருவி எண்ணும், இதற்கு மறுமொழி கூறாது. உடல் ஏற்ற ஆற்றலைக் கிரே என்ற அலகால் குறிக்கலாம். அது விளைவிக்கும் தீங்கைச் சொல்லும் சீவர்ட்டை அடைய, கதிரின் வகைக்கேற்ற எடை ஒன்றால் பெருக்க வேண்டும். ஆல்பா கதிருக்கு அவ்வெடை 20. இந்த இருபதை எக்கருவியும் காட்டுவதில்லை. அறிஞர் கூடிச் சான்றுகளைச் சீர்தூக்கி வகுத்தது அது. அதனாலேயே அது பொய் என்று நாம் கூறவில்லை. ஆயின், நாஞ்சில் நாட்டு உழவன் நெல் அளக்கும்போது மரக்காலை மட்டுமா பார்த்தான்? அளப்பவன் கையையும் அன்றோ பார்த்தான்!

கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியிலும் இத்தகைய மணலே. உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறுவது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், அங்குச் சில இடங்களில் அதனினும் பன்மடங்கு. ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்தின் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அது காணவில்லை. இது ஆறுதலான செய்தியே, மறைப்பது நேர்மையன்று. ஊரில் காணும் ஒவ்வொரு புற்றுநோயையும் மணலின் தலையில் கட்டும் பேச்சை நம் மேடைகளும் கைவிட வேண்டும். எனினும் 'காணவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. ஆய்வு பேசுவது திரளைப் பற்றி. தாய் கேட்பதோ தன் ஒரு பிள்ளையைப் பற்றி.

கதிர்வீச்சிடையே பணிபுரிவோர் மார்பில் அளவுப் பட்டை அணிகின்றனர். அவர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என வரம்பு உண்டு. பொதுமக்களுக்கு, இயற்கையாய் வருவது போக, 1 மில்லிசீவர்ட். வேலிக்கு வெளியே மீன் உலர்த்தும் பெண்ணுக்கோ பட்டை இல்லை. அவள் முற்றத்தில் எவரேனும் அளந்திருந்தால், அவ்வெண் முதலில் சேர வேண்டிய இடம் எந்தக் கோப்பு? அது அவளுடைய வீடு, அவளுடைய உடல். அவள் மொழியில், அவள் மறுகேள்வி கேட்கத்தக்க ஒருவர் வாயால், அது அவளுக்கு உரைக்கப்பட வேண்டும். எழுத்தறியாதவள் என்பதோ, வீணே அஞ்சுவாள் என்பதோ சாக்கு ஆகாது. அளவை அறியாதவரே மிகுதியும் அஞ்சுகின்றனர்.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் அகழும் திட்டம் 2024-இல் நம் மக்களிடையே பெரும் எதிர்ப்பை எழுப்பியது. மோனசைட்டை அகற்றினால் கரையில் கதிர்வீச்சு குறையும் என்று அகழ்வோர் தரப்பில் கூறப்படுவதுண்டு. அது மெய்யாகவும் இருக்கலாம். அங்ஙனமாயின் அகழுமுன் ஒருமுறையும் அகழ்ந்தபின் ஒருமுறையும், ஊரார் கண்முன்னே வீடுவீடாக அளந்து காட்டுவதற்கு என்ன தடை?